வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பது: வாசகர் கேள்வி-பதில்

ஆடி பிறந்ததும் மதுரை பைபாஸ் ரோட்டு பைக் ஷோரூம்களில் கூட்டம் குறைந்துவிடும். ஆவணியில் எடுத்துக்கொள்ளலாம், விட்டால் ஆயுத பூஜைக்கு என்று நம் ஊரில் புது வண்டியைத் தள்ளிப்போடுவார்கள். ஓட்டிப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது. சேல்ஸ்மேனுக்கு நேரம் இருக்கும், டெமோ வண்டியும் வாசலிலேயே நிற்கும். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான். சுருக்கித் தந்திருக்கிறேன்.

5,000 ரூபாய் கட்டி புக்கிங் போட்டால்தான் ஓட்டத் தருவோம் என்கிறார்கள். பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வருமா சார்?
*வாசகர், திருமங்கலம்*

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கடைக்காரரையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பிடித்திருக்கிறதா என்று தெரியும் முன்பே பணம் கட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கும் இல்லை. எழுந்து வந்துவிடுங்கள். அதே கம்பெனி வண்டியை விற்கிற வேறு டீலரிடம் கேட்டுப் பாருங்கள். ஏற்கனவே கட்டிவிட்டீர்கள் என்றால், வாங்காவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்று ரசீதிலேயே எழுதி, கடை முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். வாய்வார்த்தை பின்னால் நிற்காது. சேல்ஸ்மேனின் சொந்த ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

எல்.எல்.ஆர். வைத்திருக்கிறேன். டெஸ்ட் ரைடு தருவார்களா?
*வாசகர், கூடல் நகர்*

தர மாட்டார்கள். லைசென்ஸ் வந்த பிறகு போங்கள்.

நண்பர்கள் 4 பேர் சனிக்கிழமைதோறும் ஷோரூம் ஷோரூமாகப் போய்ப் பெரிய பைக்குகளை ஓட்டிப் பார்த்து வீடியோ எடுப்போம். போன வாரம் ஒரு கடையில், உங்களுக்குத் தர மாட்டோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
*கல்லூரி மாணவர், அண்ணா நகர்*

போக முடியாது. விலை கொடுத்தோ, கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ பொருளையோ சேவையையோ பெறுகிறவர்தான் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர். நீங்கள் எதையும் வாங்கவில்லை. தம்பி, அந்த வண்டியின் பெட்ரோலும் கிளட்ச் தேய்மானமும் கடைக்காரர் காசு. உங்களுக்காக வெயிலில் நின்ற பையனுக்கு அந்த மாதம் இத்தனை வண்டி விற்க வேண்டும் என்று டார்கெட் இருக்கிறது. உங்களைப் போல நாலு பேர் வந்து போனதால்தான், நிஜமாகவே வாங்க வருகிற உசிலம்பட்டிக்காரரிடம் சாவி தரும் முன் சம்பளச் சீட்டைக் கேட்கிறார்கள். வாங்குகிற காலம் வரட்டும், அப்போது போங்கள்.

ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். 2 மாதத்தில் முதுகுவலி வந்துவிட்டது. தினமும் வாடிப்பட்டிக்கு வேலைக்குப் போகிறேன். வண்டியை மாற்றித் தருவார்களா?
*வாசகர், ஆனையூர்*

மாற்றித் தர மாட்டார்கள். வண்டியில் பழுது இருந்தால் கேட்கலாம். உங்கள் உடம்புக்குப் பொருந்தாதது சட்டத்தின் கணக்கில் பழுது ஆகாது. சீட்டையும் ஹேண்டில்பாரையும் சற்று மாற்றி அமைக்க முடியுமா என்று கம்பெனி சர்வீஸிலேயே கேளுங்கள். வெளியில் வெட்டி ஒட்டாதீர்கள், வாரண்டி போய்விடும்.

எவ்வளவு தூரம் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் கடை வாசலில் ஏறி, சர்வீஸ் ரோட்டில் போய், முதல் திருப்பத்தில் திரும்பி வந்திருப்பீர்கள். எனக்குத் தீராத கோபம் இதில்தான். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கி, பல வருடம் உட்காரப் போகிற பொருளுக்கு 300 மீட்டர் போதும் என்று யார் முடிவு செய்தது? சேலை எடுக்கப் போனால் ஒரு மணி நேரம் விரித்துப் பார்க்கிறோம். வண்டி விஷயத்தில் மட்டும் சேல்ஸ்மேன் கடிகாரத்தைப் பார்த்தால் இறங்கிவிடுகிறோம்.

நான் ஒருமுறை இப்படியே ஏமாற்றப்பட்டேன். கேட்ட மாடல் டெமோவில் இல்லை. "ரெண்டுக்கும் ஒரே இன்ஜின்தான் சார், இதை ஓட்டிப் பாருங்க, அப்படியே இருக்கும்" என்று வேறு மாடலைக் கொடுத்தார்கள். இன்ஜின் ஒன்றுதான், அது உண்மை. ஆனால் எனக்கு வந்த வண்டியில் ஃபுட்ரெஸ்ட் பின்னால் தள்ளி இருந்தது, ஹேண்டில் தாழ்ந்து இருந்தது. மேலூர் போய்ச் சேர்வதற்குள் மணிக்கட்டு மரத்துவிடும். வருடம் திரும்பும் முன் நல்ல நஷ்டத்துக்கு விற்றேன். இரண்டும் ஒன்றுபோல் இராது என்பது அந்த சேல்ஸ்மேனுக்குத் தெரியாதா? அன்று ஒரு வண்டி விற்றால் போதும் என்று இருந்தார்.

ஆகவே கேட்ட மாடலையே, முடிந்தால் அதே வேரியண்டையே ஓட்டக் கேளுங்கள். இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லிவிட்டு இன்னொரு நாள் போங்கள். காலையில் கடை திறந்ததும் போவது நல்லது, ஆறிய இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று தெரியும். எந்த வழியில், எவ்வளவு நேரம் என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். காளவாசல் சிக்னலில் நின்று நின்று போகிற நெரிசல் கொஞ்சம் வேண்டும். முதல் கியரில் ஊரும்போதுதான் கிளட்ச் கனமா, காலில் சூடு அடிக்கிறதா என்பது தெரியும். அப்புறம் ரிங் ரோடு பக்கம் காலியான நீட்டில் உங்கள் வழக்கமான வேகத்தில் கொஞ்சம் தூரம். இரண்டு வேகத்தடை. ஒரு யூ-டர்ன். தினமும் பின்னால் உட்காரப் போகிறவர் யாரோ, சேல்ஸ்மேனிடம் சொல்லிவிட்டு அவரை ஏற்றி ஒரு சுற்று.

இறங்கிய பிறகும் வேலை இருக்கிறது. சென்டர் ஸ்டாண்டு இருந்தால் நீங்களே போட்டுப் பாருங்கள். வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். மாசி வீதிப் பக்கம் கடைக்குப் போகிறவர்களுக்கு இது அன்றாட வேலை. ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ, கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஓடும்போது தெரியாத எடை தள்ளும்போது தெரியும். சீட் உயரத்தையும் காகிதத்தில் படித்து முடிவு செய்யாதீர்கள். மீட்டியார் 350க்கு 765 மி.மீ., கிளாசிக்குக்கு 805 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். சீட்டின் அகலம் கூடினாலும் கால் தரைக்கு எட்டாது. தினமும் போடுகிற செருப்போ ஷூவோ போட்டு உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

இவ்வளவும் கேட்கிற நீங்கள் பதிலுக்குச் செய்ய வேண்டியவையும் உண்டு. அசல் லைசென்ஸ் எடுத்துப் போங்கள். ஆறிய இன்ஜினை முறுக்காதீர்கள். சொன்ன வழியை விட்டு விலகாதீர்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள். அடுத்தவர் காத்திருப்பார்.

வண்டி எனக்கு, லோனும் என் பெயரில்தான். சேல்ஸ்மேன் சாவியை என் தம்பியிடமே நீட்டுகிறார். "அக்கா, நீங்க பின்னால உக்காருங்க" என்கிறார். என்ன செய்வது?
*ஆசிரியை, மேலூர்*

சாவியை அங்கேயே தம்பியிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். "ஓட்டப் போவது நான், என்னிடம் விளக்குங்கள்" என்று சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை. திரும்பவும் தம்பியைப் பார்த்தே பேசினால் மேனேஜரைக் கூப்பிடுங்கள். அதற்கும் மாறாவிட்டால் வேறு கடையில் வாங்குங்கள், ஏன் அங்கே வாங்கவில்லை என்று கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள். மாதாமாதம் தவணை கட்டப் போகிறவர் நீங்கள். உங்களை ஒரு வாடிக்கையாளராகவே பார்க்காத கடை, நாளை சர்வீஸுக்குப் போகும்போதும் அப்படித்தான் நடத்தும்.

பள்ளிக்குச் சேலை கட்டிப் போகிறவர் என்றால் சேலையிலேயே போய் ஓட்டிப் பாருங்கள். தம்பி வீட்டிலேயே இருக்கட்டும்.

ஏ.பி.எஸ். வேலை செய்கிறதா என்று பார்க்க வேகமாகப் போய் பிரேக் அடித்தேன். மணல் கிடந்தது, விழுந்துவிட்டேன். டேங்க் நசுங்கிவிட்டது. கடைக்காரர் 18,000 ரூபாய் கேட்கிறார், என் லைசென்ஸை வைத்துக்கொண்டு தர மறுக்கிறார்.
*வாசகர், பழங்காநத்தம்*

அடுத்தவர் வண்டியில், மணல் கிடந்த ரோட்டில் அந்தச் சோதனை எதற்கு? சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதுதான் ஏ.பி.எஸ்.ஸின் வேலை. மணலில் பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது. சேதத்துக்கு நீங்கள் பொறுப்பு, கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் அவர் வாயில் வந்த தொகையைக் கொடுக்க வேண்டாம். எந்த உதிரிபாகம், என்ன விலை, கூலி எவ்வளவு என்று எஸ்டிமேட் கேளுங்கள். டெமோ வண்டியின் இன்சூரன்ஸைக் காட்டச் சொல்லுங்கள். வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து பாலிசி இருந்தால் முதலில் அதில் கிளெய்ம் போடட்டும், மிச்சத்தைப் பேசிக்கொள்ளுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் டேங்குக்குப் பணம் வராது. உங்கள் லைசென்ஸை அடகு போலப் பிடித்து வைக்க எந்த வியாபாரிக்கும் அதிகாரம் கிடையாது. எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். அதுவரை டிஜிலாக்கரில் இருக்கிற லைசென்ஸே போதும், அது செல்லும்.

மற்றவர்களுக்கு: ஏறும் முன் வண்டியில் ஏற்கனவே இருக்கிற கீறலையெல்லாம் சேல்ஸ்மேன் முன்னாலேயே போட்டோ எடுங்கள். கையெழுத்துப் போடச் சொல்கிற காகிதத்தைப் படியுங்கள். பதிவு எண் பலகையோ, சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் டிரேடு சர்டிபிகேட் எண்ணோ இல்லாத வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.

பக்கத்துத் தெருவரைதானே, டெஸ்ட் ரைடுக்கு ஹெல்மெட் வேண்டுமா?
*வாசகர், செல்லூர்*

வேண்டும். கடையில் கொடுப்பது பத்துப் பேர் போட்டது, சொந்த ஹெல்மெட்டைக் கொண்டு போங்கள். ரோட்டோரத்தில் வாங்கியதாக இருந்தால் அதையும் நம்பாதீர்கள். தெப்பக்குளம் பக்கம் நான் வாங்கிய ஒன்றில் ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர் நகத்தால் கீறியதும் உரிந்து வந்தது. மேஜையிலிருந்து ஒருமுறை விழுந்தது, ஓடு பிளந்துவிட்டது. வண்டி வாங்கும்போது தரச் சான்று பெற்ற ஹெல்மெட்டை வண்டியோடு கம்பெனி தர வேண்டும், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138ஆம் விதி அப்படிச் சொல்கிறது. பின் சீட் உள்ள பைக்கில் பின்சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் சாரி கார்டும் கைப்பிடியும் 123ஆம் விதிப்படி வண்டியோடு வர வேண்டியவை. பில்லில் இவற்றைத் தனிச் சாமானாகச் சேர்த்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

டெலிவரி அன்றே மீட்டரில் 138 கி.மீ. காட்டியது. "யார்டிலிருந்து ஓட்டி வந்தோம்" என்கிறார்கள். டெமோ வண்டியைத் தள்ளிவிட்டார்களோ?
*வாசகர், உசிலம்பட்டி*

சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. யார்டு அவ்வளவு தூரத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மீட்டர் போட்டோ, டெலிவரி நேரம், 21ஆம் படிவமான விற்பனைச் சான்றிதழில் இருக்கிற தயாரிப்பு மாதம், சேசிஸ் எண் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, டீலருக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. ஓட்டிய வண்டியைப் புதிது என்று சொல்லி விற்றிருந்தால் அது மோசடி. விடாதீர்கள்.

இனி வாங்கப் போகிறவர்கள், பதிவுக்குக் காகிதம் அனுப்பும் முன் வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். மீட்டரையும் சேசிஸ் எண்ணையும் அப்போதே பாருங்கள். உங்கள் பெயரில் பதிவாகிவிட்டால் வண்டியை மாற்றுவது பெரும்பாடு.

மகன் பைக்கை விற்க ஆன்லைனில் போட்டோம். வந்த ஆள் தன் ஸ்கூட்டரை வாசலில் விட்டுவிட்டு, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துப் போனவன் திரும்பவே இல்லை. அந்த ஸ்கூட்டரும் திருட்டு வண்டியாம். ஊரே எங்களைத்தான் திட்டுகிறது.
*ஒரு தந்தை, சோழவந்தான்*

ஐயா, திட்டுகிறவர்களை விடுங்கள். வீட்டுக்கு வந்தவரை நம்பினீர்கள், அவன் திருடினான். குற்றம் அவனுடையது.

ஸ்டேஷனில் புகார் வந்ததற்குத் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதோடு நிறுத்திக்கொள்ளாமல் எஃப்.ஐ.ஆர். கேட்டு வாங்குங்கள், இன்சூரன்ஸுக்கு அதுதான் வேண்டும். அவன் பேசிய நம்பர், விளம்பரத்துக்கு வந்த மெசேஜ், பக்கத்துக் கடை கேமரா இருந்தால் அந்தப் பதிவு, எல்லாவற்றையும் கொடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்றே எழுத்தில் சொல்லுங்கள். பாலிசி மூன்றாம் நபருக்கு மட்டும் என்றால் திருட்டுக்குப் பணம் கிடைக்காது. முழு பாலிசி என்றாலும், சாவியை நீங்களாகத்தானே கொடுத்தீர்கள் என்று வாதிடுவார்கள். நடந்ததை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். மறுத்தால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற, சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் எஃப்.ஐ.ஆர். நகலோடு ஒரு கடிதம் கொடுங்கள், பெயர் மாற்ற யாராவது வந்தால் தெரியட்டும்.

பழைய வண்டி விற்கிற மற்றவர்கள், வந்தவரின் அசல் லைசென்ஸைப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நீங்கள் உட்கார்ந்து போங்கள். தனியாகத்தான் ஓட்டுவேன் என்றால் பேசிய விலை முழுவதையும் கையில் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். வாங்குகிற எண்ணம் இருப்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஓட்டிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. சேல்ஸ்மேன் தினமும் போன் செய்கிறார். எடுப்பதே இல்லை.
*வாசகர், கே.கே. நகர்*

எடுத்து, வேண்டாம், இந்தக் காரணத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வண்டியும் நேரமும் கொடுத்தவருக்கு அந்தப் பதிலாவது தர வேண்டும். அதற்குப் பிறகும் கூப்பிட்டால், தொல்லை தரும் விற்பனை அழைப்புகளுக்கான 1909 எண்ணில் புகார் செய்யலாம்.