மூன்றாம் நாள் சுண்டெலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

உடலைத் தானே தாக்கும் எதிர்ப்புச் செல்களை அடக்கிவைக்கும் செல்களைக் கண்டறிந்த ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சிக்கு 2025 மருத்துவ நோபல் பரிசு கிடைத்தபோது நீங்கள் எழுதிய கட்டுரையில் அவருடைய பிடிவாதத்தைப் புகழ்ந்திருந்தீர்கள். நான் நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நான்காம் ஆண்டு. இந்தத் தலைப்புக்கு இப்போது மதிப்பில்லை, மாற்றிக்கொள் என்கிறார் நெறியாளர். ஊரே கைவிட்டதை ஒருவர் மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது எப்போது உறுதி, எப்போது வீம்பு? ஜெயித்தவரை வைத்துப் பிடிவாதத்தைப் புகழ்வது எளிதல்லவா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

'பிடிவாதம்' என்று நான் எழுதியது தவறு. அந்தத் துறையில் தோற்றவர்களுக்கும் அது குறைவில்லாமல் இருந்தது.

டி செல் என்பது நோயோடு போராடும் வெள்ளையணுக்களில் ஒரு வகை. 1970-களில் 'அடக்கும் டி செல்' என்ற பேச்சு எங்கும் இருந்தது. மற்ற செல்களின் வேகத்தைக் குறைக்கும் செல்கள் உண்டு என்று யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு கெர்ஷன் தொடங்கிவைத்தது. அதன்மேல் மாடி மாடியாகக் கோட்பாடு கட்டினார்கள். அந்தச் செல்களின் அடையாளம் 'ஐ-ஜே' என்ற மரபணு என்றார்கள். 1983-இல் அந்த மரபணு இருப்பதாகச் சொன்ன இடத்தைத் திறந்து பார்த்தால், அங்கே அப்படியொரு மரபணுவே இல்லை. கட்டடம் மொத்தமும் சரிந்தது. 'அடக்கும் செல்' என்று வாயெடுத்தாலே முகம் சுளிக்கும் காலம் வந்தது.

சகாகுச்சி நின்ற இடம் வேறு. கியோட்டோவில் மருத்துவம் படித்தவர், மேற்படிப்பை விட்டுவிட்டு நகோயாவில் உள்ள ஐச்சி புற்றுநோய் மையத்துக்குப் போனார். அவரை இழுத்தது ஒரு சுண்டெலிச் சோதனை. பிறந்து மூன்றாம் நாள் குட்டியின் தைமஸ் சுரப்பியை எடுத்துவிடுகிறார்கள். டி செல்கள் முதிர்வது அங்கேதான். எடுத்துவிட்டால் எதிர்ப்புச் சக்தி தளர வேண்டும். நடந்ததோ நேர்மாறு: எலியின் செல்கள் அதன் சூலகத்தையும் தைராய்டையும் இரைப்பையையும் தாக்கின. அதே சுரப்பியை ஒரு வாரம் கழித்து எடுத்தால் அப்படி ஆவதில்லை. இதை 1969-இல் முதலில் வெளியிட்ட நிஷிசுகாவும் சகாகுராவும் சூலகம் கெடுவதற்கு ஹார்மோன் குறையைத்தான் சந்தேகித்தார்கள். சகாகுச்சி வேறொன்று செய்து பார்த்தார். ஆரோக்கியமான எலியின் டி செல்களை எடுத்து, சுரப்பி இழந்த குட்டிக்கு ஏற்றினார். நோய் வரவில்லை.

எனக்கு எல்லாமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. கோட்பாடு சரிந்த பிறகும் அந்த எலிக்கு நோய் வந்துகொண்டிருந்தது, செல்களை ஏற்றினால் நின்றுகொண்டிருந்தது. ஐ-ஜே பொய்யானது அந்த எலிக்குத் தெரியாது. அவர் பிடித்துக்கொண்டது அந்த எலியைத்தான்.

பிறகு வருடக்கணக்கில் ஒரே தேடல்: காப்பாற்றும் செல்லை மற்றவற்றிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? 1995-இல் விடை வந்தது. சிடி4 வகை டி செல்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கின் மேற்பரப்பில் சிடி25 என்ற புரதம் இருக்கிறது. அந்தப் பங்கை நீக்கிவிட்டு மீதியை, பிறவியிலேயே தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்தினால் தன்னுடல் தாக்கு நோய். நீக்கியதைத் திருப்பிச் சேர்த்தால் நோயில்லை. அப்போதும் பலர் நம்பவில்லை. 2001-இல் அமெரிக்காவில் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும், நோயுற்றுச் சில வாரங்களில் சாகும் ஸ்கர்ஃபி எலிகளிடம் பழுதான மரபணுவைத் தேடிக் கண்டதை வெளியிட்டார்கள். சந்தேகப்பட்டியலில் இருபது மரபணுக்கள்; இருபதாவதில் பிடிபட்டது. அது ஃபாக்ஸ்பி3. சகாகுச்சியின் செல்கள் உருவாக அதுவே தேவை என்று 2003-இல் தெரிந்தபோது, இரண்டு வழியாகத் தோண்டியவர்கள் ஒரே கிணற்றில் சந்தித்தார்கள்.

இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. என் அக்காவுக்குப் பதினோரு ஆண்டுகளாக முடக்குவாதம்; உடலின் எதிர்ப்புச் செல்களே மூட்டுகளைத் தாக்கும் நோய். காலையில் வெந்நீர்ப் பாத்திரத்தில் அரை மணி நேரம் விரல்களை வைத்திருந்தால்தான் டம்ளரைப் பிடிக்க வரும். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து. அது மூட்டைத் தாக்கும் செல்லை மட்டும் பார்த்து அடக்குவதில்லை. காய்ச்சல் வந்தால் வீடே பதறும். அடக்க வேண்டியதை மட்டும் அடக்கும் செல்லை வளர்த்துக் கொடுக்கும் சிகிச்சைகள் சோதனையில் இருக்கின்றன. அக்காவின் மருந்துச் சீட்டுக்கு அவை இன்னும் வரவில்லை.

உங்கள் நெறியாளர் சொல்வது சரியா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. மதிப்பில்லை என்று அவர் சொல்வது கோட்பாட்டையா, உங்கள் மேசையில் கிடைத்த முடிவையா? கோட்பாடு என்றால் அதன் பெயரைக்கூட விட்டுவிடுங்கள், நட்டமில்லை. முடிவு என்றால், அந்தச் சோதனையை வேறொருவர் கையால், உங்களுக்குச் சாதகமில்லாத ஒரு நாளில், மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதே விடை வருகிறதா? வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுதுங்கள்.