ஊர்ப் பணத்தில் ஆக்சிஜன் செறிவூட்டி வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் ஒரு மலையடிவார ஊர். 2021 மே மாதம் என் மாமனாரை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு படுக்கை தேடி அலைந்தோம், வழியிலேயே இறந்துவிட்டார். இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் ஒன்றரை லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். இன்னொரு கொரோனா வந்தால் யாரிடமும் கையேந்தக் கூடாது, இரண்டு ஆக்சிஜன் செறிவூட்டி வாங்கி ஊரில் வைத்துவிடலாம் என்கிறார்கள். வாங்கலாமா? கிராம சபையில் என்ன தீர்மானம் போடலாம்?

பதில்: வாங்க வேண்டாம். வீட்டில் ஒருவர் மூச்சுக்குத் தவித்ததைக் கண்ணால் பார்த்த உங்களுக்கு இந்தப் பதில் கசக்கும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

செறிவூட்டி வெளிக்காற்றை உறிஞ்சி, அதிலுள்ள நைட்ரஜனை ஜியோலைட் என்ற மணிகளில் பிடித்து நிறுத்திவிட்டு, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் உள்ள காற்றைத் தருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வரை நல்ல பண்டம். ஓட்டாமல் மூலையில் போட்டால் அந்த மணிகள் ஈரம் குடித்துக் கெட்டுப்போகும். மூன்று வருடம் கழித்து சுவிட்சைப் போட்டால் மோட்டார் சத்தம் கேட்கும், குழாயில் காற்றும் வரும். அந்தக் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும். கரண்ட் போனால் இயந்திரம் நின்றுவிடும். ஆடிக்காற்றில் உங்கள் பக்கம் கரண்ட் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் சரியாகவே இருந்தாலும், வீடுகளுக்கு வாங்கும் சிறிய செறிவூட்டி நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் தரும். கொரோனா முற்றியவர்களில் பலருக்கு அதைப்போலப் பல மடங்கு தேவைப்பட்டது. மருத்துவமனைகளில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை செலுத்தும் கருவிகளை வைத்துக் காப்பாற்றினார்கள். பல வருடம் பீடி குடித்து நுரையீரல் கெட்டவருக்கு அளவு தெரியாமல் ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கமே வரலாம். மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாத மருந்து அது.

நாடும் கிட்டத்தட்ட உங்கள் பையன்கள் மாதிரிதான் யோசித்தது. இரண்டாம் அலைக்குப் பிறகு பிஎம் கேர்ஸ் நிதியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆக்சிஜன் ஆலைகள் அரசு மருத்துவமனைகளில் நிறுவப்பட்டன. அன்றைக்கு அது தேவைதான். ஆனால் அந்த ஆலையை ஓட்டத் தெரிந்த ஆள், பழுது பார்க்கும் ஒப்பந்தம், ஜெனரேட்டருக்கு டீசல் எல்லாம் வருடா வருடம் வரும் செலவு. ரிப்பன் வெட்டுவதற்கு வருகிற கூட்டம் இதற்கெல்லாம் வராது. பொது சுகாதாரத்துக்கு அரசுகள் செய்யும் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. நடுவில் ஒரு பெருந்தொற்றே வந்துபோயும் அந்த இலக்கை எட்டவில்லை.

தமிழ்நாட்டுக்குக் கைகொடுத்ததெல்லாம் பழைய ஏற்பாடுகள். 1939இல் வந்த பொது சுகாதாரச் சட்டம், சிகிச்சைத் துறையிலிருந்து தனியாக இயங்கும் பொது சுகாதாரத் துறை, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் என்று எல்லாமே இந்தக் கொரோனா வருவதற்குப் பல வருடம் முன்பே கட்டியவை. பக்கத்து மாவட்டத்தையும் பாருங்கள். 2020 மே மாதம் தொடங்கும்போது தமிழ்நாட்டில் தொற்று இல்லாத பச்சை மண்டலமாக இருந்தது கிருஷ்ணகிரி ஒன்றுதான். பெங்களூர் நெடுஞ்சாலை நடுவே ஓடுகிற மாவட்டத்தில் அது எத்தனை நாள் நிற்கும்? அந்த மாதமே அங்கும் தொற்று வந்துவிட்டது. எல்லையை அடைத்துக் கிடைப்பது சில வாரம். அதற்குள் காய்ச்சல் எந்தத் தெருவில் கிளம்புகிறது என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும்.

உங்கள் ஊரில் அந்த ஆள் யார்? கிராம சுகாதார செவிலியரும் சுகாதார ஆய்வாளரும். இரண்டு பணியிடமும் நிரம்பியிருக்கிறதா, துணை சுகாதார நிலையம் வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். காலியாக இருந்தால் அதுதான் உங்கள் முதல் தீர்மானம். ‘ஆவன செய்ய வேண்டும்’ என்று மொட்டையாக எழுதாமல் நிலையத்தின் பெயர், எந்த மாதத்திலிருந்து காலி, எத்தனை குடும்பங்கள் நம்பியிருக்கின்றன என்று எழுதி, நகலை வட்டார மருத்துவ அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். கிராம சுகாதாரக் குழுவுக்கு தேசிய நலவாழ்வுத் திட்டத்தில் ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதி உண்டு. அதன் வரவு செலவைச் சபையில் படிக்கச் சொல்வதும் உங்கள் உரிமை.

அடுத்தது சர்க்கரையும் ரத்த அழுத்தமும். கொரோனாவில் போனவர்களில் பலருக்கு இந்த இரண்டில் ஒன்று கட்டுக்கடங்காமல் இருந்தது. ஊரடங்கில் மாத்திரை வாங்கப் பஸ் இல்லை. மற்ற நோய்களும் கவனிப்பாரற்றுப் போயின: நாடு முழுவதும் 2019இல் சுமார் 24 லட்சம் காசநோயாளிகளைப் பதிவு செய்தார்கள், 2020இல் 18 லட்சம். நோய் குறையவில்லை, தேடிப் போக ஆளில்லை. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. உங்கள் ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் பரிசோதனை செய்துகொண்டார்களா, சர்க்கரை உள்ளவர்கள் எல்லோரும் அதில் பதிந்திருக்கிறார்களா என்று அந்தத் திட்டத்தின் தன்னார்வலரிடம் கேளுங்கள். ஆண்கள்தான் நழுவுவார்கள்.

இனி அந்த ஒன்றரை லட்சம். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நாலைந்து, இரண்டு ரத்த அழுத்தக் கருவி வாங்கித் தெருவுக்கு ஒருவரிடம் கொடுங்கள். அளக்கப் பழக்குவது முக்கியம். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, விரல் சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ நெயில் பாலிஷோ இல்லாத விரலில் மாட்டி, எண் ஆடாமல் நின்ற பிறகு குறிக்க வேண்டும். 94 அல்லது அதற்கு மேல் என்றால் பயமில்லை. காய்ச்சலோடு 93 அல்லது அதற்குக் கீழே என்றால் அன்றைக்கே மருத்துவமனை; 90க்குக் கீழே என்றால் உடனே 108. எண் நன்றாக இருந்தும் ஆள் மூச்சு வாங்கினால் ஆளை நம்புங்கள், கருவியை அல்ல.

துணை சுகாதார நிலையத்தில் இன்வெர்ட்டர் இல்லையென்றால் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். மீதியை வண்டிச் செலவுக்கென வங்கியில் கூட்டுக் கணக்கில் போடுங்கள். தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பென்னாகரத்திலிருந்தே சுமார் 30 கிலோமீட்டர்; ராத்திரியில் யார் வண்டி எடுப்பார், ஆம்புலன்ஸ் ஏற முடியாத குடியிருப்பிலிருந்து தார்ச்சாலை வரை யார் தூக்கி வருவார் என்று பெயரும் போன் நம்பரும் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள்.

எதை அன்பளிப்பாகக் கொடுத்தாலும் முதலில் வட்டார மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். ஏற்கெனவே இருப்பதையே திரும்ப வாங்கிவிடாதீர்கள். கொடுத்த பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.