காட்டுத் திராட்சையும் வேர்ப்பூஞ்சையும் – கடிதம்

ஐயாவுக்கு வணக்கம்,

ஜெர்மனியின் ரைன் நதிக்கரைக் காட்டுத் திராட்சை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்களுடையது பன்னீர் திராட்சைப் பந்தல். உரத்தோடு வேம் (VAM) என்கிற வேர்ப்பூஞ்சையும் வாங்கிப் போடுகிறோம். பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. யாரும் எதுவும் போடாத காட்டுக்கொடி மரத்து உச்சிவரை எப்படிப் போகிறது? பூஞ்சை வழியாக மரமே கொடிக்குச் சாப்பாடு அனுப்புகிறது என்கிறார்களே, நிஜமா?

எஸ்., கம்பம்

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரே பூஞ்சையின் இழை இரண்டு செடிகளின் வேரைத் தொடலாம், அது சரி. அந்த வழியில் வந்த சத்தால் காட்டில் ஒரு செடி செழித்தது என்று நிரூபிப்பது வேறு விஷயம். 2023இல் மூன்று ஆய்வாளர்கள் காடுகளில் நடந்த ஆய்வுகளை அலசிவிட்டு, பேச்சு ஆதாரத்தைத் தாண்டிப் போய்விட்டது என்று எழுதினார்கள். நான் அவர்கள் பக்கம்.

உறுதியாகத் தெரிந்ததே எனக்குப் பெரிய அதிசயம். திராட்சை வேர் தடிமனானது, வேர்த்தூவியும் குறைவு. மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) மண்ணைப் பிடித்துக்கொண்டு நகராது. சுற்றியுள்ள சில மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சிவிட்டால் அப்புறம் வேருக்குப் பட்டினிதான். பூஞ்சை இழை அதைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் போய், வேர் நுழைய முடியாத இடுக்கிலிருந்தும் மணிச்சத்தைக் கொண்டுவருகிறது. பதிலுக்குக் கொடி சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது. மெல்லிய வேரைக் காரக் கரைசலில் வெளுக்க வைத்து, பேனா மையும் வினிகரும் கலந்து சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்: செல்லுக்குள்ளே பூஞ்சை கிளைவிட்டுக் குட்டி மரம் போலத் தெரியும். கொடுக்கல் வாங்கல் அங்கேதான். சில நாளில் அது கரைந்து, வேறு செல்லில் இன்னொன்று முளைக்கும்.

ரைன் கரைக் காட்டில் ஆஷ், எல்ம், மேப்பிள் மரங்களுக்கும் இதே வகைப் பூஞ்சைதான். ஓக்குக்கு வேறு வகை. அதனால் அங்கே முளைக்கிற திராட்சை விதைக்கு மண்ணில் இழைகள் தயாராக இருக்கின்றன. வெள்ளமும் வண்டல் சேர்க்கிறது. 1817இல் டுல்லா என்ற பொறியாளர் நதியை நேராக்கத் தொடங்கினார். வெள்ளம் வருவது நின்றுபோன இடங்களில் கொடியும் அருகியது. அப்புறம் அமெரிக்காவிலிருந்து திராட்சை வேரைத் தாக்கும் ஃபிலாக்ஸரா பூச்சி வந்தது. ஜெர்மனியில் இயற்கையாக மிஞ்சிய பெரிய கூட்டம் மான்ஹைம் நகரத்துப் பக்கத்தில் கெட்ச் தீவில் இருக்கிறது. ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. ஒன்றிரண்டு பிழைத்தால் போதாது. குச்சி வெட்டித் தாவரப் பூங்காவில் வளர்ப்பது அவசியம்தான். ஆனால் அந்த மரம், வெள்ளம், மண் எல்லாவற்றையும் காக்காமல் கொடியை மட்டும் காப்பாற்ற முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் பந்தலுக்கு வருகிறேன். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் கொடி பூஞ்சையை உள்ளே விடுவதைக் குறைத்துக்கொள்ளும். சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டால் வேம் வேலை செய்யாது. மண் பரிசோதனை செய்து உரத்தைக் குறையுங்கள். வேம் போடுவதென்றால் நடவுக் குழியில், வேரில் படும்படி போடுங்கள். வரிசைக்கு நடுவே அடிக்கடி உழ வேண்டாம், இழை அறுந்துவிடும். அங்கே சணப்பையோ தட்டைப்பயறோ விதைக்கலாம். கடுகு மட்டும் வேண்டாம், அதன் வேரில் இந்தப் பூஞ்சை குடியேறாது.