ஒரு நாள் கழித்து வரும் முடிவு

கேள்வி: நுரை பொங்கக் கெலவரப்பள்ளி அணைக்கு வரும் தென்பெண்ணை நீரைப் பார்த்துப் பழகியவன் நான். கழிவுநீரை உயர்நிலைச் சுத்திகரிப்பு செய்து குடிநீராக்கலாம் என்கிறார்கள். பாக்டீரியா சோதனைக்கு ஒரு நாள் ஆகுமே. அதற்குள் தண்ணீர் குழாயில் போய்விடாதா?
– வாசகர், ஓசூர்.

பதில்: ஐயம் நியாயமானதே. ஆய்வகத்தில் 100 மில்லி நீரை 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாளின் வழியே இழுத்து, அத்தாளை ஊட்டப்பொருள் நிரப்பிய தட்டில் வைத்து, ஏறக்குறைய ஒரு நாள் இளஞ்சூட்டில் விட்டால்தான் மலக்கலப்பைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை பாக்டீரியா கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாக வளரும். எனவே நிலையங்களில் அந்த முடிவுக்காகக் காத்திராமல், நுண்வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வு, புற ஊதா விளக்கு எனக் கிருமியை மறிக்கும் ஒவ்வொரு தடுப்பும் பழுதின்றி இருக்கிறதா என்பதையே இடைவிடாமல் கவனிக்கிறார்கள். நுண்வடிகட்டிக்குக் கலங்கல் அளவும் காற்றழுத்தச் சோதனையும் உண்டு. அடைத்த காற்றின் அழுத்தம் விரைவாக இறங்கினால் வடிகட்டியின் நுண்குழல் இழைகளில் எங்கோ ஒன்று அறுந்திருக்கிறது என்று பொருள். புற ஊதா விளக்குக்கு ஒளிச்செறிவைப் பார்க்கிறார்கள். இவற்றில் எது வரம்பை விட்டு விலகினாலும் நீர் உடனே திருப்பி விடப்படும்.

சிக்கல், நீரை அழுத்தி மென்சவ்வின் வழியே செலுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வில்தான் இருக்கிறது. ஃபுளோரைடால் அவதிப்பட்ட நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் டி.டி.எஸ். மீட்டரை அறியாதவர் குறைவு. ஆனால் அது காட்டுவது உப்பை, கிருமியை அன்று. பழுதற்ற சவ்வு பாக்டீரியாவை ஏறத்தாழ முழுவதுமாகத் தடுக்கும். உப்போ சிறிதளவு எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே சவ்வின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் விரிசல் விட்டுக் கிருமி நுழைந்தாலும், முன்பே இருக்கும் அந்த உப்பில் சிறு ஏற்றம் மறைந்துபோகக்கூடும். சவ்வு 99.99 சதவீதத்துக்கும் மேல் தடுத்தாலும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனைக் கொண்டு ஏறக்குறைய 99 சதவீதத்தைத்தான் மெய்ப்பிக்க முடிகிறது. மெய்ப்பிக்க முடியாத பாதுகாப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே என் பார்வையில் சரி.

இந்த இடைவெளியை நிரப்பவே, ஓடும் நீரில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, துகள் சிதறடிக்கும் ஒளியோடு உயிரணுவுக்கே உரிய ஒளிர்வையும் அளந்து, பாக்டீரியாவைச் சில நிமிடங்களில் எண்ணும் கருவிகள் வந்திருக்கின்றன. ஆனால் எந்த இனம், தீங்கானதா என்பதை அவை சொல்லா. சவ்வைத் தாண்டிய பின் குழாயின் உட்சுவரில் படியும் வழவழப்பில் வளரும் சாதாரண பாக்டீரியாவும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும் என்பதால், தனி எண்ணைவிட வழக்கத்துக்கு மாறான திடீர் ஏற்றமே கவனிக்கத் தக்கது. 100 மில்லியில் ஈ.கோலை தென்படவே கூடாது என்னும் இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயத்துக்கு (ஐ.எஸ். 10500) இன்னும் அந்த ஒரு நாள் சோதனையே சான்று.