ஓ.எஸ். (இயங்குதளம்) புதிதாகப் போட்ட பிறகு இணையம் வரவில்லை: கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் முடிந்தது. பழைய கணினியை ஃபார்மட் செய்து விண்டோஸ் 11-க்கோ லினக்ஸுக்கோ மாறியவர்கள் சென்னையின் பல பகுதிகளிலிருந்தும் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். வீட்டு இணைப்புகளைச் சரிசெய்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: லேப்டாப்பில் விண்டோஸ் 11 போட்டேன். நெட்வொர்க்குடன் இணையச் சொல்லும் திரையிலேயே நிற்கிறது. வைஃபை பட்டியலே வரவில்லை. லேன் கேபிள் மாட்டவும் இடம் இல்லை. லேப்டாப் கெட்டுவிட்டதா சார்? (கல்லூரி மாணவர், பெரம்பூர்)

கெடவில்லை, தம்பி. உங்கள் வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் நீங்கள் பயன்படுத்திய பென் டிரைவில் இல்லை. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும் என்ற இந்த முட்டுக்கட்டையை ஓர் ஆண்ட்ராய்ட் போனை வைத்தே நீக்கிவிடலாம். போனை யூ.எஸ்.பி. கேபிளில் லேப்டாப்புடன் இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் பகுதியில் 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்குங்கள். போனை ஒரு லேன் கார்டாகவே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான மாடல்களில் அந்த இணைப்பே லேப்டாப்புக்குக் கிடைக்கும், மொபைல் டேட்டா செலவாகாது.

டெதரிங் பொத்தான் மங்கலாக இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே செய்யும். ஐபோன் இந்த இடத்தில் உதவாது, அதற்கு ஆப்பிளின் டிரைவர் தனியாக வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள். அதன் பிறகும் வைஃபை வராவிட்டால் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பகுதியில் டிரைவர் காத்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லையென்றால் லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். எல்லா டிரைவரையும் இறக்கித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். தேவையில்லாத பத்து மென்பொருள்களையும் அவை சேர்த்தே கொண்டுவரும்.

கேள்வி: எங்கள் பட்டறை அலுவலகக் கணினியை ஃபார்மட் செய்து கொண்டுவந்தார்கள். 'கனெக்டட், நோ இன்டர்நெட்' என்று காட்டுகிறது. எல்லோருடைய போனிலும் இணையம் வருகிறது. மறுபடியும் ஓ.எஸ். போட வேண்டும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? (சிறுதொழில் செய்பவர், அம்பத்தூர்)

போடாதீர்கள். எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாமல் திரும்பப் போட்டால் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்பீர்கள். பலருக்கும் இதே குறை இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அந்தப் போன்களில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் ஒரு தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். வைஃபையில் இணையம் இல்லாதபோது போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். நாமும் ரூட்டர் நன்றாக இருப்பதாக நம்பிவிடுவோம். போனிலும் வரவில்லையென்றால் கணினியை விட்டுவிடுங்கள், இணைய நிறுவனத்துக்குத்தான் புகார் சொல்ல வேண்டும்.

போனில் வருகிறதென்றால் அடுத்துக் கணினியின் ஐபி முகவரியைப் பாருங்கள். 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' செட்டிங்ஸில் உங்கள் இணைப்பைத் திறந்தால் 'ஐபிவி4' என்ற வரியில் இருக்கும். பிரச்சினை எந்தப் பக்கம் என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினி ரூட்டரிடம் முகவரி கேட்டு, பதில் வராததால் தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், ரூட்டரில் வேறு துளைக்கு மாற்றுங்கள், ரூட்டரை ஒரு நிமிடம் அணைத்துவிட்டுப் போடுங்கள். அலுவலக ரூட்டர் என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள்: குறிப்பிட்ட கருவிகளை மட்டும், கார்டில் பதிந்த மேக் முகவரி என்ற அடையாள எண்ணைக் கொண்டு அனுமதிக்கும் பட்டியலை யாராவது அதில் போட்டிருக்கலாம். ஃபார்மட் செய்வதால் லேன் கார்டின் மேக் முகவரி மாறாது. ஆனால் கடையில் கார்டையே மாற்றியிருந்தாலோ வைஃபை டாங்கிள் ஒன்றைச் சேர்த்திருந்தாலோ அது புதிய கருவிதான், பட்டியலில் இருக்காது.

முகவரி 192.168 என்று தொடங்கினால் பொதுவாக ரூட்டர் வரை பாதை சரி. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 8.8.8.8 என்ற எண்ணிலிருந்து பதில் வருகிறதா என்று சோதிக்கும் 'பிங்' கட்டளையைக் கொடுங்கள். அதற்குப் பதில் வந்தும் தளங்கள் திறக்கவில்லையென்றால் பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் வேலை செய்யவில்லை. டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கையால் கொடுங்கள். எண்ணுக்கே பதில் வராவிட்டால் 'கேட்வே' என்ற வரியில் உங்கள் ரூட்டரின் முகவரிதான் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் சோதிப்பதற்காக அவர்களுடைய முகவரியை நிலையாகக் கொடுத்துவிட்டு நீக்க மறந்திருப்பார்கள். அதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினாலே தீர்ந்துவிடும்.

'நெட்வொர்க் ரீசெட்' செய்யுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். பல வருடம் ஓடிய கணினியில், பழைய வி.பி.என்., ஆன்டிவைரஸ் மிச்சங்கள் சிக்கியிருக்கும்போது அது பலன் தரும். நேற்றுப் போட்ட ஓ.எஸ்-இல் துடைக்க அப்படி எதுவும் இருக்காது.

கேள்வி: லேப்டாப் கடையில் பல நாள் கிடந்து வந்தது. இப்போது எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரிக்கிறது. வங்கித் தளத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது. (ஓய்வு பெற்ற ஆசிரியை, மேற்கு மாம்பலம்)

பயந்தது நல்லது அம்மா. அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பொத்தானை ஒருபோதும் அழுத்தாதீர்கள், வங்கித் தளத்தில் நிச்சயமாக வேண்டாம்.

திரையின் வலது மூலையில் தேதியையும் வருடத்தையும் பாருங்கள். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் கணினியின் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கணினி இன்னும் பழைய வருடத்தில் இருந்தால் இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் அதற்குச் செல்லாதவையாகத் தெரியும். தேதியைச் சரிசெய்தால் தளங்கள் திறக்கும். ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி மாறினால் உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் சிஆர்2032 என்ற பேட்டரி இருக்கும், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். லேப்டாப்பில் அளவும் இணைப்பும் மாடலுக்கு மாடல் மாறும். பழையதைக் காட்டி வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை முன்பு தெரிந்தது. ஃபார்மட் செய்த பிறகு 2.4 மட்டும்தான் தெரிகிறது. (திருவொற்றியூர்)

விண்டோஸ் தானாகப் போட்ட பொதுவான டிரைவரை விட்டுவிட்டு, லேப்டாப் நிறுவனம் தரும் டிரைவரைப் போடுங்கள்.

கேள்வி: விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் ஒரே கணினியில் வைத்திருக்கிறேன். விண்டோஸை அணைத்துவிட்டு உபுண்டுவுக்குப் போனால் லேன் சில நேரம் உயிரோடு இருப்பதில்லை. திரும்பி விண்டோஸுக்கு வந்தால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. (கொளத்தூர்)

இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தாலும் கணினி முழுமையாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கிறது. லேன் கார்டும் அதே நிலையில் விடப்படுவதால் உபுண்டுவால் சில நேரம் அதை எழுப்ப முடிவதில்லை. கன்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில் அதை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். விண்டோஸ் டிஸ்கை உபுண்டுவிலிருந்து எழுதினால் ஃபைல்கள் பழுதாகும் ஆபத்தும் அதனால் குறையும்.

நேரத்தைப் பொறுத்தவரை, போர்டில் உள்ள கடிகாரத்தை உபுண்டு உலகப் பொது நேரமாக வைத்துக்கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. நம் நாட்டுக்கு அந்த இடைவெளி ஐந்தரை மணி நேரம். இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு மாற்ற வேண்டும். அதுவரை விண்டோஸில் 'சிங்க் நவ்' அழுத்தினால் போதும்.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் திட்டம். ஃபார்மட்டுக்குப் பிறகு லேனில் 95-ஐத் தாண்டவில்லை. எந்த டிரைவர் போட வேண்டும்? (வேளச்சேரி)

டிரைவரை விடுங்கள், கேபிளைப் பாருங்கள். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கு போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் இரு முனைகளும் 100-க்கு இறங்கி ஒப்புக்கொள்ளும். உங்கள் 95 அங்கிருந்துதான் வருகிறது. ஈதர்நெட் விவரத்தில் 'லிங்க் ஸ்பீட்' 100 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். கணினியைக் கடைக்குத் தூக்கிச் செல்லும்போது கேபிளைப் பிடுங்கியதில் முனை தளர்ந்திருக்கும். ஃபார்மட்டுக்குப் பின் வந்த கோளாறெல்லாம் ஃபார்மட்டால் வந்தது அல்ல.

கேள்வி: முன்பு டெஸ்க்டாப்பில் ஓர் ஐகானைத் திறந்து 'கனெக்ட்' கொடுத்தால் இணையம் வரும். இப்போது அந்த ஐகானே இல்லை. (மடிப்பாக்கம்)

அது பிபிபிஓஇ இணைப்பு. யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஃபார்மட்டில் போய்விட்டன. இணைய நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். ஆனால் கணினியில் திரும்பப் போடாமல் ரூட்டரில் போட்டுவிடுங்கள். பிறகு எந்தக் கணினியை எப்போது ஃபார்மட் செய்தாலும் இந்தத் தொல்லை இல்லை, வீட்டில் மற்றவர்களுக்கும் இணையம் கிடைக்கும்.

கேள்வி: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கணினிகளில் ஒன்றுக்கு மட்டும் புதிய ஓ.எஸ். இணையம் வருகிறது. ஆனால் பக்கத்துக் கணினியின் ஃபோல்டரும் வைஃபை பிரிண்டரும் தெரியவில்லை. (திருவல்லிக்கேணி)

புதிய விண்டோஸ் எந்த நெட்வொர்க்கையும் முதலில் 'பப்ளிக்' என்றே எடுத்துக்கொண்டு தன்னை மறைத்துக்கொள்ளும். உங்கள் சொந்த ரூட்டரானால் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். கடைக்கு வருவோருக்கும் அதே வைஃபையைக் கொடுக்கிறீர்கள் என்றால் மாற்றாதீர்கள், முதலில் அவர்களுக்குத் தனி கெஸ்ட் வைஃபை வையுங்கள். உங்களிடம் வரும் ஆதார் நகல்களும் சான்றிதழ்களும் அந்த ஃபோல்டரில்தானே கிடக்கின்றன.

பழைய கணினி விண்டோஸ் எக்ஸ்பி என்றால் ஃபோல்டர் பகிர்வு நடக்காது. அது பேசும் எஸ்எம்பி1 என்ற பழைய முறை புதிதாகப் போடும் விண்டோஸில் 2017-லிருந்தே இருப்பதில்லை. அதைத் திரும்பச் சேர்ப்பதும் ஆபத்து. பழையது விண்டோஸ் 7 அல்லது 10 என்றால் அதில் பாஸ்வேர்டுடன் ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி அதைக் கொண்டு உள்ளே செல்லுங்கள். பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' நுழைவைப் புதிய விண்டோஸின் பல பதிப்புகள் மறுக்கின்றன.

பிரிண்டர் மட்டும் தெரியவில்லையென்றால் கடையில் இரண்டு ரூட்டர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில் பிரிண்டரும், நீங்கள் வாங்கிய ரூட்டரில் கணினியும் இருந்தால் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. இரண்டையும் ஒரே ரூட்டருக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: வேகமாக ஓடும் என்று சொல்லி 'லைட்' விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். டிரைவர் போட்டும் வைஃபை வரவில்லை. (தாம்பரம்)

இந்த 'லைட்' பதிப்புகள் யாரோ ஒருவர் விண்டோஸை வெட்டிச் சுருக்கியவை. எதை வெட்டினார், எதைச் சேர்த்தார் என்று எவருக்கும் தெரியாது. வைஃபையைத் தேடி இணைக்கும் 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' சேவையையே நிறுத்தி வைத்திருந்தால் எந்த டிரைவர் போட்டும் பயனில்லை. சர்வீசஸ் பட்டியலில் அதைத் தேடி இயக்கிப் பார்க்கலாம். ஆனால் அப்படி வெட்டப்பட்ட ஒரு கணினியில் உங்கள் வங்கிக் கணக்கைத் திறப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மறுபடியும் ஓ.எஸ். போடச் சொல்வது இந்த ஒருவருக்கு மட்டும்தான். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிப் போடுங்கள், இறக்குவதற்குக் கட்டணம் இல்லை. விண்டோஸ் 8 காலத்துக்குப் பின் விண்டோஸுடன் விற்கப்பட்ட லேப்டாப்பாக இருந்தால் லைசென்ஸ் எண் பெரும்பாலும் அதன் போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். வாங்கும்போதே நீங்கள் பணம் கொடுத்துவிட்ட பொருள் அது.

கேள்வி: நாளை ஃபார்மட் செய்யப் போகிறேன். முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும்? (முகப்பேர்)

லேப்டாப் நிறுவனத் தளத்திலிருந்து வைஃபை, லேன் டிரைவர்கள் இரண்டையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். நெட்வொர்க் விவரத் திரையைப் போனில் படம் பிடியுங்கள், நிலையான முகவரி ஏதாவது கொடுத்திருந்தால் அதில் தெரியும். வைஃபை பாஸ்வேர்டு நினைவில்லையென்றால் இப்போதே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் மாற்றாதவரை ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளிலும் இருக்கும். அலுவலக வி.பி.என். வைத்திருப்பவர்கள் ஐ.டி. பிரிவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மழையில் மின்சாரம் போய் வந்த பிறகு கணினி ஓடவில்லை என்று ஓ.எஸ். மாற்றினோம். இப்போது கேபிள் மாட்டினாலும் துளையருகே விளக்கு எரியவில்லை. டிவைஸ் மேனேஜரிலும் லேன் கார்டு இல்லை. (பள்ளிக்கரணை)

வேறு கேபிளிலும் விளக்கு எரியாமல், கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்ஸில் லேன் 'எனேபிள்' என்றே இருந்தால், அந்தத் துளை போய்விட்டது. எந்த ஓ.எஸ். போட்டாலும் வராது. இதற்காக மதர்போர்டை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரிச்சி தெருவில் யூ.எஸ்.பி. லேன் அடாப்டர் ஒன்று வாங்கி மாட்டினால் வேலை நடக்கும். 'கிகாபிட்' என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்கி, யூ.எஸ்.பி. 3 துளையில் மாட்டுங்கள். வீட்டுக்குச் செம்புக் கேபிள் வழியாக இணையம் வருகிறதென்றால் ரூட்டரின் துளையையும் சோதியுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி தொடங்கும் முன்பே மின்சார பிளக்குடன் அந்தக் கேபிளையும் கழற்றிவிடுங்கள், மின்னலின் வீச்சு அதன் வழியாகவும் உள்ளே வரும்.