இரண்டாம் ஆட்டம்

கேள்வி: மம்முட்டி நடித்த ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தை ஆஹா ஓஹோ என்று என் தங்கை மகன் புகழ்ந்ததால் பார்த்தேன். எனக்குப் புதுச்சேரியில் வேலை, தினமும் கடலூரிலிருந்து பஸ். போகும்போது பாதி, வரும்போது பாதி என்று செல்போனில் பார்த்து முடித்தேன். நடுவே இரண்டு தடவை கண் அசந்துவிட்டது. கதை நகரவே இல்லை. பின்னால் யாரோ டிவியை ஓடவிட்டபடியே இருக்கிறார்கள். “இன்னொரு தடவை பாருங்க மாமா, அப்பதான் பிடிக்கும்” என்கிறான் அவன். நல்ல படமென்றால் ஒரே தடவையில் பிடிக்க வேண்டாமா? இது என்ன அரியர் பரீட்சையா, மறுபடி உட்கார்ந்து எழுத?
- வாசகர் ஒருவர், மஞ்சக்குப்பம், கடலூர்-1

பதில்: அரியர் எழுத வேண்டுமென்றால் முதலில் பரீட்சைக்குப் போயிருக்க வேண்டும். நீங்கள் ஹாலுக்குள்ளேயே நுழையவில்லை. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏறி இறங்கும் பஸ்ஸில், ஏர்ஹாரனுக்கு நடுவே, டிரைவர் போட்ட பழைய பாட்டும் சேர்ந்து ஒலிக்க, ஒன்றேமுக்கால் மணி நேரப் படத்தைக் காலை பாதி மாலை பாதி என்று பார்த்திருக்கிறீர்கள். அதிலும் இந்தப் படத்தைப் பஸ்ஸில் பார்த்ததுபோல ஒரு விபரீதம் கிடையாது. வீட்டுக்கு வீடு டிவியிலும் ரேடியோவிலும் ஒலிக்கும் பழைய தமிழ்ப் பாட்டையும் சினிமா வசனத்தையும் வைத்தே இயக்குநர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இதன் ஒலியை அமைத்திருக்கிறார். எது படத்தின் பாட்டு, எது பஸ்ஸின் பாட்டு என்று உங்கள் காதுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

ஆனாலும் நீங்கள் கேட்பதில் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது. “உனக்குப் பிடிக்கவில்லையென்றால் உனக்குப் புரியவில்லை” என்று சொல்லும் கூட்டத்தைக் கண்டால் எனக்கும் ஆகாது. அதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன், ஒரே தடவையில் பிடிக்க வேண்டும் என்ற சட்டம் எங்கிருந்து வந்தது? நம் ஊர்ப்பக்கம் அப்படி ஒன்று இருந்ததில்லை.

கடலூர், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும்போது போய்ப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கி உட்கார்ந்து வில்லிபுத்தூரார் எழுதிய தமிழ் மகாபாரதமான வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்லுவார். அதே கதை ராத்திரி கூத்தாக வரும். மத்தியானம் முழுக்கதையையும் காதால் கேட்டு முடித்த ஜனம்தான் இரவு பாய், தலையணையோடு வந்து விடிய விடிய உட்கார்ந்திருக்கும். கர்ணன் சாவான் என்று தெரியாமல் கர்ண மோட்சம் பார்க்க வந்தவர் யார்? ரெண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்று துரியோதனன் பாடி, ஆடி, கிரீடத்தைக் கொஞ்சம் காட்டி, மறைத்து, வெளியே வருவதற்கே நெடுநேரம் எடுத்துக்கொள்வான். “கதை நகரவே இல்லை” என்று எழுந்து போகிறவர் கிடையாது. கதை எங்கே போகிறது என்ற கவலை மத்தியானமே தீர்ந்துவிட்டது. ராத்திரி கண்ணும் காதும் வேறு வேலை பார்க்கின்றன. முகவீணை என்ற ஊதுகருவி எப்போது ஏறுகிறது, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் இன்று யாரைக் கிண்டலடிக்கப் போகிறான், போன வருஷ வேஷக்காரரைவிட இவர் அடவு எப்படி?

மேடை நாடகத்துக்கும் இதே வழக்கம்தான். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்தில் வள்ளி முருகனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் இன்றைக்கு எப்படிப் போகும் என்பதற்குத்தான் கூட்டம். சுவாமிகள் 1922இல் காலமானது நீங்கள் தினமும் வேலைக்குப் போகும் புதுச்சேரியில். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. புதுவை அரசு சினிமாவுக்குத் தரும் விருதும் அவர் பெயரில்தான். கதை தெரிந்தே பார்க்க வந்த ஜனங்களுக்கு எழுதியவர் பெயரில் சினிமா விருது கொடுக்கும் ஊருக்குப் போய்க்கொண்டே, ‘மறுபடி பார்ப்பதா?’ என்று கேட்கிறீர்கள்.

முதல் தடவை எந்தப் படத்தைப் பார்த்தாலும் மனசு ‘அடுத்து என்ன’ என்று முன்னாலேயே ஓடும். வழக்கமான படம் அந்த ஓட்டத்துக்குச் சோளப்பொரி போடுவதுபோலப் பத்து நிமிஷத்துக்கு ஒரு திருப்பம் போடும். இந்தப் படத்தில் அந்தப் பொரி கிடையாது. வேளாங்கண்ணி போய்விட்டுக் கேரளம் திரும்பும் நாடகக் குழு. நடுவழியில் ஜேம்ஸ் (மம்முட்டி) வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, முன்பின் தெரியாத தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, ரெண்டு வருஷம் முன் காணாமல்போன சுந்தரத்தின் வீட்டில் சுந்தரமாகவே பழக ஆரம்பிக்கிறான். ஏன் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. அந்த ‘ஏன்’ என்பதையே பிடித்துத் தொங்கியதால் மற்றதெல்லாம் உங்கள் கண்ணிலிருந்து நழுவிவிட்டது. மறுபடி பார்க்கும்போது அதற்குப் பதில் கிடைக்காது என்று முன்பே தெரியும். கை விடுபட்டுவிடும்.

எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்கிறேன். ஆரம்பத்தில் லாட்ஜ் காட்சி. சுவரில் ஒரு குறள்: ‘உறங்கு வதுபோலுஞ் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு.’ நிலையாமை அதிகாரம், 339. சாவு தூங்குவது மாதிரி, பிறப்பு தூங்கி விழிப்பது மாதிரி; ஜேம்ஸுக்கு அந்த அர்த்தமும் சொல்லப்படுகிறது. முதல் தடவை அதை லாட்ஜ் அலங்காரம் என்று தாண்டிப் போயிருப்பீர்கள். சாவியை வாசலிலேயே கையில் கொடுத்துவிட்டுத்தான் படம் உள்ளே போகிறது.

அடுத்து, சுந்தரத்தின் அம்மா. கண் தெரியாதவர், டிவி முன்னாலேயே உட்கார்ந்திருப்பவர். ‘யாரோ டிவியை ஓடவிட்டபடியே இருக்கிறார்கள்’ என்று நீங்கள் அலுத்துக்கொண்டது இவரைத்தான். அவருக்கு உலகம் முழுக்கக் காது வழியாகத்தான். ஒரு இருபது நிமிஷம் நீங்களும் அவரைப்போலப் படத்தைக் கேளுங்கள். கண்ணைத் திரையில் வைத்துக்கொள்ளலாம், கவனம் காதில் இருக்கட்டும். முன்னால் மனிதர்கள் பேசிக்கொள்ள, பின்னால் வரும் பழைய பாட்டு வரி அந்தக் காட்சிக்குக் கிண்டலாகவோ ஆறுதலாகவோ பதில் சொல்வது பிடிபடும். இதில் தமிழ் ரசிகனுக்கு ஒரு சலுகை உண்டு. மலையாளப் பார்வையாளர் பலருக்கு அது வெறும் தமிழ்ச் சத்தம், உங்களுக்கு வார்த்தை வார்த்தையாகப் புரியும். அந்தச் சலுகையைத்தான் பஸ் ஹாரனுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

மூன்றாவது கேமரா. தேனி ஈஸ்வரின் கேமரா ஆள் பின்னால் ஓடாது, வைத்த இடத்தில் நிற்கும். ஆள் வருவார், போவார், சட்டகம் அப்படியே இருக்கும். இதை ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று எடுத்துக்கொண்டால் தூக்கம்தான் வரும். அசையாத ஷாட்டில் பேசுகிற முகத்தை முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு வாசல், ஜன்னல், திண்ணை. பிறகு ஆழத்தில், தெருக்கோடியில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கண் இப்படி ஒரு சுற்று வந்து சேரப் பத்து விநாடியாவது வேண்டும். ஷாட் நீளமாக இருப்பது அதற்காக. ஆறு அங்குல செல்போனில் தெருக்கோடி ஆள் எறும்பு அளவுகூட இருக்கமாட்டார்.

சரி, வீட்டு ஏற்பாடு. பலருக்கு இரண்டாம் தடவையும் கெட்டுப்போவது இங்கேதான்.

டிவி செட்டிங்கில் ‘க்ளியர் வாய்ஸ்’, ‘டயலாக்’ என்ற மாதிரி ஏதாவது ஒலிவகை போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். முன்னால் பேசுகிற குரலைத் தூக்கிவிட்டு மற்ற சத்தத்தை அமுக்குவதுதான் அதன் வேலை. இந்தப் படத்தில் அமுக்கப்படும் ‘மற்ற சத்தம்’தான் பாதிப் படம். வால்யூமை, அதிகச் சத்தமுள்ள காட்சியை வைத்து அளக்கக் கூடாது. மெல்லிய காட்சி ஒன்றை ஓடவிட்டு, பின்னணி டிவி வசனம் வார்த்தை புரிகிற அளவுக்கு ஏற்றி, அதோடு ரிமோட்டைத் தள்ளி வையுங்கள். ஹெட்போன் என்றால் ரெண்டு காதிலும்.

படத்தைச் சீரியல் போல வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூதிங்கை நிறுத்துங்கள். சினிமா விநாடிக்கு 24 சட்டகம். படத்தில் இல்லாத சட்டகங்களை டிவி தானாக நடுவில் செருகி அதை வழுக்கவிடுகிறது. பளபள ‘விவிட்’ வகையை விட்டு ‘சினிமா’ வகைக்கு மாற்றுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் ஜூம் செய்து நிரப்ப வேண்டாம், ஓரத்தில் நிற்கும் ஆள் வெட்டுப்படுவார். ஓட்டத்தை ஒன்றேகால் மடங்கு ஆக்கிப் பார்ப்பவர்களுக்குத் தனியாக என்ன சொல்ல? அவர்கள் கச்சேரியில் ஆலாபனையை ஓட்டிவிட்டுக் கீர்த்தனைக்கு வருகிறவர்கள்.

சப்டைட்டில் இரண்டாம் தடவை வேண்டாம். மலையாளம் பேசும் இடங்களிலும் விஷயம் உங்களுக்கு முன்பே தெரியும். எழுத்து இருந்தால் கண் அங்கேதான் போகும், முகத்துக்கு மிச்சம் இருப்பது பாதி நேரம். நண்பகல் படமென்று சாப்பாடு முடித்துவிட்டு ரெண்டு மணிக்கு உட்காராதீர்கள். ஜன்னல் வெளிச்சம் டிவியில் விழும், ரசம் சாதம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இரவு ஒன்பது மணி, விளக்கை அணைத்து, ஒரே இருப்பில்.

இடைவெளி எவ்வளவு விடலாம்? மறுநாளே பார்த்தால் எரிச்சல் ஆறியிருக்காது. ஒரு வருஷம் விட்டால் எல்லாம் மறந்து அதுவே முதல் தடவையாகிவிடும். மூன்று நான்கு வாரம் என் கணக்கு. பார்ப்பதற்கு முன்னால், ஞாபகம் இருக்கும் ஐந்து காட்சிகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பார்த்த பிறகு ஒப்பிட்டால், அதில் ஒன்றிரண்டையாவது நீங்களே இட்டுக்கட்டியிருப்பீர்கள். இடையில் ‘விளக்கம்’ சொல்லும் வீடியோ எதையும் பார்க்காதீர்கள். பார்த்தால் சட்டை நிறத்துக்கு ஒரு அர்த்தம், நாய்க்கு ஒரு அர்த்தம் என்று படம் குறுக்கெழுத்துப் போட்டியாகிவிடும், கட்டம் நிரம்பியதும் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

‘தெரிந்ததையே பார்ப்பதில் என்ன புதிதாக வரும்?’ என்று இன்னும் சந்தேகம் இருந்தால் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய படம், ஒன்றேகால் மணி நேரம்தான். கொதிக்கிற வெயிலில் குடிகார அப்பாவோடு நடக்கும் பையன், தாகம் தெரியாமலிருக்க ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். முதல் தடவை அது வழியில் நடந்த ஒரு சின்ன விஷயம். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கல்லை வைக்கிறான், அங்கே ஏற்கெனவே கற்கள் சேர்ந்து கிடக்கின்றன. படம் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாது. மறுபடி பார்க்கும்போது அவன் கல்லைப் பொறுக்கக் குனிகிற இடத்திலேயே, இது எத்தனையாவது நடை என்று கேட்கத் தோன்றும். காட்சி அதே காட்சிதான். உங்களுக்குத் தெரிந்தது மட்டும்தான் கூடியிருக்கிறது.

இப்போது, ஆரம்பத்தில் ஒத்திவைத்த விஷயம். மெதுவான படமெல்லாம் ஆழமான படம் இல்லை. கேமராவை நிறுத்தி வைத்துவிட்டு டைரக்டரும் தூங்கிப்போன படங்கள் ஏராளம், அவற்றுக்கும் விழாக்களில் மாலை விழுகிறது. எதை மறுபடி பார்ப்பது, எதை விடுவது? எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். படத்தைத் திட்டி முடித்து ஒரு வாரம் கழித்து, பல் தேய்க்கும்போதோ பஸ்ஸுக்கு நிற்கும்போதோ அதில் ஒரு காட்சி தானாக வந்து எட்டிப்பார்க்கிறதா? வந்தால் மறுபடி உட்காரலாம். வரவில்லையென்றால் விட்டுத்தள்ளுங்கள், யார் சொன்னாலும் சரி. மறுபடி உட்கார்ந்தும் முதல் கால்மணி நேரத்தில் புதிதாக ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையென்றால் அங்கேயே அணைத்துவிடலாம்.

உங்கள் கடிதத்தில் அந்த டிவிச் சத்தம் இருக்கிறது. மறந்துபோகாமல், எரிச்சலோடாவது அது உங்களிடம் தங்கியிருக்கிறது. ஆகவே உட்காருங்கள். பெரிய திரைதான் வேண்டுமென்றால், புதுச்சேரி சஃப்ரென் தெருவில் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் இதுபோன்ற படங்கள் திரையிடும்போது அறிவிப்பைப் பார்த்து, வேலை முடிந்து அப்படியே போய்விட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம். ஆரோவில் டவுன்ஹாலில் சினிமா பாரடைசோ என்ற திரையரங்கும் இருக்கிறது, திரும்பி வர வண்டிதான் பிரச்சனை.

மறுபடியும் தூக்கம் வந்தால் தூங்குங்கள், பரவாயில்லை. எந்தக் காட்சியில் கண் அசந்தது என்று மட்டும் குறித்து அனுப்புங்கள். போன தடவை அசந்த அதே இடமென்றால், உங்கள் மருமகனிடம் நானே பேசுகிறேன்.