கேள்வி பதில்: கிற்றார் பட்டறை போடலாமா?

கேள்வி: ஐயா, அப்பாவின் தச்சுப் பட்டறையை இப்போது நான்தான் பார்க்கிறேன். இசைக்குழுவில் வாசிக்கிற நண்பனின் எலக்ட்ரிக் கிற்றாரை ஒருமுறை திருத்திக் கொடுத்தேன். அதிலிருந்து, மேடைக் கலைஞர்களுக்கு அளவெடுத்துக் கிற்றார் செய்து கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் எனக்கு வாசிக்கத் தெரியாது. சரிவருமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: சரிவரும் தம்பி. 1954-ல் ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிற்றாரைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்தவர், அவருக்கும் கிற்றார் வாசிக்கத் தெரியாது. செய்ததை வாசிக்கிறவர்களின் கையில் கொடுத்தார், அவர்கள் குறை சொல்லச் சொல்ல மாற்றினார். இந்தத் தொழிலில் பாதி அதுதான். கலைஞர் வந்தால் நிறத்தையும் வடிவத்தையும் பிறகு கதையுங்கள். முதலில் அவர் பழகிய கிற்றாரைக் கொண்டுவரச் சொல்லி, வாசிக்கவிட்டு, பெருவிரல் கழுத்தின் பின்பக்கம் எங்கே படிகிறது என்று பாருங்கள். பிறகு கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான மெட்டுகளில் முதலாவதிலும் பன்னிரண்டாவதிலும் கழுத்தின் தடிப்பை அளந்து எழுதி வையுங்கள். ஒரு மில்லிமீற்றர் கூடினாலே கை கண்டுபிடித்துவிடும்.

மெட்டு விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிப்பதால் சுருதி பிசகினால் இளக்கி நகர்த்தலாம். கிற்றாரில் வாள் போட்ட இடம் போட்டதுதான். கணக்கு எளிது: கம்பி அதிரும் நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் கழுத்தின் மேல்முனையிலிருந்து முதல் மெட்டு வரும் தூரம், மிச்ச நீளத்தை மறுபடி வகுத்தால் அடுத்தது. ஃபெண்டரின் 25.5 அங்குல நீளத்துக்கு முதல் மெட்டு 36.35 மில்லிமீற்றரில் வரும், பன்னிரண்டாவது சரிபாதியில் நிற்கும். ஒவ்வொரு மெட்டையும் முந்தினதிலிருந்து அளந்து போகாமல், எல்லாவற்றையும் மேல்முனையிலிருந்தே அளந்து கோடு போடுங்கள், இல்லாவிட்டால் சின்னப் பிசகு சேர்ந்து சேர்ந்து கடைசியில் பெரிதாகிவிடும்.

மரம்தான் எனக்குப் பெரிய கவலை. முதிரை, பாலை பார்க்க வடிவுதான், ஆனால் அந்தப் பாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் நாலு மணித்தியாலம் மேடையில் நிற்க முடியாது. உடலுக்கு மகோகனி போதும். எதை எடுத்தாலும் வடிவாகக் காய வேண்டும். வாத்திய மரத்தில் ஈரம் 8 சதவீதம் அளவில் இருப்பது வழக்கம், கடல் சூழ்ந்த நம் ஊரில் கொட்டிலில் அடுக்கி வைத்தால் அந்த அளவுக்கு இறங்காது. எனக்கு ஒருவர் செய்து தந்த கிற்றார் மாரி முழுக்கத் தேன்போல இருந்தது. சோளகம் வீசத் தொடங்கியதும் கழுத்து மரம் சுருங்கி, மெட்டுகளின் முனைகள் இரண்டு பக்கமும் வெளியே தள்ளிவிட்டன, கையை இழுத்தால் விரலைக் கீறும். அன்றைக்குப் பட்ட எரிச்சல் இன்னும் நினைவில் இருக்கிறது. ஆகவே மரக்காலையில் ஈரமானி வைத்துப் பார்க்காமல் பலகை வாங்காதீர்கள். முதல் வருஷம் மெட்டு மாற்றுவது, கழுத்து நிமிர்த்துவது என்று திருத்த வேலையே செய்யுங்கள். பத்துப் பேரின் கிற்றாரைக் கழற்றிப் பூட்டினால், எங்கே பழுது வரும் என்று கைக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: திருவிழா மேடையில் என் கிற்றார் 'ம்ம்' என்று இரைகிறது. வீட்டில் அவ்வளவு இல்லை. ஏன்?
– வாசகி, மானிப்பாய்

பதில்: கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்அப், உங்கள் கிற்றாரில் ஒற்றைச் சுருளாக இருக்கும் தங்கச்சி. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மேடை விளக்கு, அதன் வயர்கள், ட்ரான்ஸ்ஃபோமர் எல்லாவற்றிலிருந்தும் அந்த அதிர்வைச் சுருள் வாங்கிக்கொள்கிறது. 1955-ல் கிப்சன் என்ற கிற்றார் கம்பனியில் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கிற மாதிரி ஹம்பக்கர் என்ற பிக்அப்பைச் செய்தார். ஆனால் அதற்கு மாறினால் சத்தத்தின் குணமும் மாறும். உங்களுக்கு இப்போதைய சத்தம் பிடிக்கும் என்றால், முதலில் பிக்அப் குழிக்குள் செப்புத் தகடு ஒட்டி அதை எர்த்தோடு இணைத்துப் பாருங்கள். முழுதாகப் போகாது, குறையும். மேடையில் விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள்.